மூன்று இறக்கைகள்

அத்தியாயம் 17

கைபேசிக் கடையின் கண்ணாடி மேஜைமேல் டேப்லெட்டை மல்லாக்கக் கிடத்திவிட்டு, கடைக்காரரின் வாயையே பார்த்துக்கொண்டு கணவனும் மனைவியும் நின்ற இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அழகில், நாடி பிடித்துப் பார்ப்பாரோ என்றுகூட இருந்தது.

"வயசாயிடுச்சு சார்," என்றார் கடைசியில். "ஒரு நேரத்துல ஒண்ணுதான் தாங்கும். திரையை ரெண்டாப் பிரிச்சு ரெண்டு விஷயம் வெச்சுக்கிட்டீங்கன்னா, நீங்க தொடுறது மட்டும் முழிச்சிருக்கும். இன்னொண்ணு தூங்கிடும்."

புதியதன் விலையைச் சொன்னார். அது மனைவியின் ஒன்றரை மாதச் சம்பளம். பழையதைக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேட்டதற்கு, புதியதற்கு ஓர் உறை இலவசமாகத் தருவதாகச் சொன்னார்.

"வாங்கிடலாங்க," என்றாள் மனைவி.

"கருவியில என்னம்மா இருக்கு? கையாளுறதுல இருக்கு," என்றார் கணவர்.

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் சிரித்தாரா என்பது யாருக்கும் தெரியாது. "ஒண்ணு சார், பழசுல ஒரு நல்லது இருக்கு," என்று ஆறுதல் வேறு சொன்னார். "மெமரி கார்டு போடுற பொந்து. புதுசுல அதையும் எடுத்துட்டாங்க."

அந்தப் பொந்தின் பெருமையோடு இருவரும் வீடு திரும்பினார்கள். கணவர் அன்றே, செலவில்லாத வைத்தியமாக, டேப்லெட்டுக்குப் புதிய மென்பொருள் பதிப்பை இறக்கி ஏற்றினார். அதுவரை ஒரு நிமிடத்தில் கண் விழித்துக்கொண்டிருந்த கருவி, அதற்குப் பிறகு ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டது.

இனி வியாழக்கிழமை.

காலை ஏழரை மணி. மனைவி வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஒவ்வொரு ரத்தக் குழாயின்மேல் ஒட்டிய பெயரையும் இரண்டு முறை படித்தாக வேண்டிய வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

"பதினொண்ணுலேர்ந்து ஒண்ணு வரைக்கும்," என்றாள்.

"ம்."

"அப்பாவைப் பாத்துக்கிற அம்மா பதினொண்ணுக்குக் கெளம்பிடுவாங்க. இன்னொரு வீட்டு வேலையை முடிச்சுட்டு ஒரு மணிக்குத்தான் வருவாங்க. நடுவுல அப்பா தனியா இருப்பார்."

"ம்."

"உங்க கூட்டமும் அதே நேரம்தானே?"

"ம்."

அவருடைய 'ம்' ஒரு பொதுச் சொத்து. அலுவலகம், மனைவி, தொலைபேசியில் கடன் அட்டை விற்கிறவர்கள் எல்லாருக்கும் அதே 'ம்' தான். கேட்டுக்கொண்டதற்கு அடையாளமாக அது வெளியே வரும். உள்ளே எதுவும் போயிருக்காது.

"எந்த 'ம்' இது? முதல் கேள்விக்கா, மூணாவது கேள்விக்கா?"

அவர் நிமிர்ந்தார். "இத பாரும்மா. ஒரு பக்கம் கூட்டம், ஒரு பக்கம் மாமா. திரையை ரெண்டாப் பிரிச்சா தீர்ந்தது. நான் ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறவன்."

"ஊருக்குச் சொல்லிக்கொடுங்க. எங்கப்பாவைப் பாத்துக்கங்க. அது போதும்."

"என் பொறுப்பு," என்றார், மார்பில் கை வைத்து. மார்பில் கை வைத்துச் சொல்லும் எதையும் அவள் நம்புவதில்லை. ஆனால் ஏழே முக்கால் பேருந்து காத்திருக்காது.

அவருக்கு அஷ்டாவதானி என்று பெயர் வைத்தவள் அவள்தான். கல்யாணமான புதிதில், பல் தேய்த்துக்கொண்டே சட்டைக்கு இஸ்திரி போட்டவரைப் பார்த்து வைத்தது. சட்டை கருகிப்போனது வேறு விஷயம். அவள் கிண்டலாக வைத்ததை அவர் பட்டமாக வாங்கிக்கொண்டார். இருபத்து மூன்று வருடம் கழித்து, தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கும் நிறுவனத்தில் பயிற்சி மேலாளராகி, அந்தப் பட்டத்தையே தொழிலாக்கிக்கொண்டும் விட்டார். ஒரே நேரத்தில் பல வேலை செய்வது எப்படி என்று விற்பனைப் பிரதிநிதிகளுக்கு வகுப்பெடுப்பார்.

வகுப்பெடுக்கக் கருவி கொடுங்கள் என்று நிறுவனத்தைக் கேட்டுப் பார்த்தார். பதிலுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. 'உங்கள் கருவி, உங்கள் சுதந்திரம்' என்று அதற்குத் தலைப்பு.

வீட்டில் இருக்கும் சுதந்திரத்தின் கணக்கு இவ்வளவுதான். அவருடைய கைபேசி: மாமனார் வீட்டுக் கேமராவின் செயலியை இதில் ஏற்ற முடியாது, உங்கள் மாடல் பழையது என்று கைவிரித்துவிட்டது. மனைவியின் கைபேசி: பரிசோதனை நிலையத்தின் செயலியை ஏற்ற இடம் போதாமல், கேமராவின் செயலியை அவளே அழித்துவிட்டாள். மிச்சம் அந்த டேப்லெட். மாமனாரைப் பார்க்க இருந்த ஒரே கண்.

மாமனார் நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, அவருடைய வலது பக்கம் இயங்க மறுத்தது. பேச்சிலும் பெரும்பகுதி போய்விட்டது. 'ஆமா', 'வேணாம்', 'மாப்ள', இன்னும் உதிரியாகச் சில சொற்கள். அவ்வளவுதான் மிச்சம். மகள் வீட்டுக்கு வரச் சொன்னதற்கு அந்த மிச்சத்திலிருந்து 'வேணாம்' என்பதை எடுத்துப் பயன்படுத்தினார். இரண்டு தெரு தள்ளி, தன் ஒற்றை அறை வீட்டிலேயே கிடக்கிறார்.

கேமரா மாட்டிய அன்று, அந்தக் குடும்பத்திலேயே அதை உடனே புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். அவருக்கு அது புதிதில்லை. லிஃப்டுக்குள் சிக்கிக்கொண்டவர் மணியை அழுத்துவார். சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அந்தப் பெட்டி வழியாக மெக்கானிக் முதலில் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "ஆள் வந்துட்டிருக்கு."

"சிக்கிக்கிட்டவனுக்குக் காத்துகூட அப்புறம்தான்," என்பார், சொல்ல முடிந்த நாட்களில். "அந்தப் பக்கம் ஒருத்தன் இருக்கான்னு தெரிஞ்சாப் போதும். எவ்வளவு நேரம் வேணா இருப்பான்."

அஷ்டாவதானி அவருக்குப் பயிற்சி கொடுத்தார். யாருக்கும் பயிற்சி கொடுக்காமல் அவரால் இருக்க முடியாது. "மாமா, கேமராவுல பச்சை விளக்கு எரியுது பாருங்க. பச்சை எரிஞ்சா நான் பாத்துட்டிருக்கேன்னு அர்த்தம். ஏதாவது வேணும்னா இடது கையைத் தூக்குங்க. நான் பேசுவேன்."

பச்சை விளக்குக்கு உண்மையில் அப்படி அர்த்தமில்லை. கேமராவுக்கு மின்சாரம் வருகிறது என்று மட்டும்தான் அர்த்தம். ஆனால் இவ்வளவு பெரிய பயிற்சியில் இந்தச் சின்ன விஷயம் விட்டுப்போய்விட்டது.

வீட்டுக்கு வந்து சோதித்தும் பார்த்தார்கள். திரையில் மாமனார் கை தூக்கினார். "சொல்லுங்க மாமா," என்றார் மருமகன். கேமராவிலிருந்து குரல் வந்ததும் பாதி முகத்தால் மாமனார் சிரித்தார். மனைவி அன்றைக்கு அழுததை இருவருமே பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

சரியாகப் பதினொரு மணி. அஷ்டாவதானி மேஜைமுன் அமர்ந்தார். இடுப்புக்கு மேலே முழுக்கைச் சட்டை, கழுத்துப்பட்டை. இடுப்புக்குக் கீழே அரைக்கால் சட்டை. திரைக்கு மேல்பாதியே போதும்.

வகுப்பின் தலைப்பு: 'ஒரு திரை, நான்கு வேலை, நூறு சதவீதக் கவனம்'. அறுபத்திரண்டு விற்பனைப் பிரதிநிதிகள். மேலே வட்டார மேலாளர். அவருக்கு 'அருமை' என்ற சொல் ஒன்றே போதும், எல்லாவற்றுக்கும்.

திரையின் இடது பக்கம் வகுப்பு. வலது பக்கம் மாமனாரின் அறை: கட்டில், போர்வை, மேலே மின்விசிறி. இதற்கு நடுவே அஷ்டாவதானியின் சொந்த முகம் ஒரு வட்டத்துக்குள் மிதந்துகொண்டிருந்தது. அது வகுப்பின் வரைபடத்தை மறைக்கவே, விரலால் இழுத்து வலது பக்கத்தின் மேல்மூலையில் கொண்டுபோய் வைத்தார். கேமராவின் நேரம் ஓடிக்கொண்டிருந்த மூலை அது. நேரத்தைப் பார்ப்பதைவிட அவருக்குத் தன் முகத்தைப் பார்ப்பதில் ஆர்வம் அதிகம் என்று சொல்வது அநியாயம். ஆனால் பொய்யில்லை.

"நண்பர்களே," என்றார். "இந்த நிமிஷம் நான் உங்ககூடப் பேசுறேன். அதே நிமிஷம், இரண்டு தெரு தள்ளி இருக்கிற என் மாமனாரையும் கவனிச்சுக்கிட்டிருக்கேன். உடம்பு முடியாதவர். ஒருத்தருக்காக இன்னொருத்தரை விட்டேனா? விடல."

அறுபத்திரண்டு கட்டைவிரல்கள் திரையில் எழும்பின.

"அருமை," என்றார் வட்டார மேலாளர்.

இந்த உற்சாகத்தில்தான் அவர் மூன்றாவது வேலையையும் திறந்தார். கருத்துக்கணிப்பு. 'நீங்கள் ஒரே நேரத்தில் எத்தனை வேலை செய்கிறீர்கள்?' டேப்லெட்டுக்கு ஒரு கணம் மூச்சு முட்டியது. திரை வெளுத்து மறுபடி தெளிந்தது. கேள்வி வந்தது. வகுப்பும் வந்தது. மாமனாரும் இருந்தார், கட்டிலில், ஒருக்களித்து, போர்வை நெஞ்சு வரைக்கும்.

அதற்குப் பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வலது பக்கம் பார்த்தார். இதை அவருடைய கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஒவ்வொரு தடவையும் மாமனார் அப்படியே இருந்தார், ஒருக்களித்து, போர்வை நெஞ்சு வரைக்கும். இப்படி ஒரு நிம்மதியான தூக்கம் தனக்கு வாய்த்து எத்தனை வருடம் ஆகிறது என்றுகூட நினைத்துக்கொண்டார்.

"அவர் தூங்குறார், நான் உழைக்கிறேன்," என்று வகுப்புக்கும் ஒரு தடவை சொன்னார். மறுபடி கட்டைவிரல்கள்.

பன்னிரண்டு ஐந்துக்குக் கைபேசி அடித்தது. மனைவி. பரிசோதனை நிலையத்தில் இடைவேளைவரை கைபேசியைப் பூட்டிய பெட்டியில் வைத்துவிட வேண்டும். பன்னிரண்டுக்கு மேல்தான் அவளால் பேச முடியும்.

வகுப்பில் ஒரு பிரதிநிதி நீண்ட சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார். அஷ்டாவதானி தன் பக்கத்து ஒலியை அணைக்கும் பொத்தானைத் தொட்டுவிட்டுக் கைபேசியை எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு மேஜையில் வைத்தார். பொத்தானைத் தொட்டது உண்மை. டேப்லெட் அதைக் கவனித்ததா என்று அவர் கவனிக்கவில்லை.

"அப்பா எப்படி இருக்கார்?"

"தூங்குறார். இப்பக்கூடப் பாத்தேன்."

"இன்னுமா? பதினொன்றரைக்குத் தண்ணி குடிக்க முழிச்சுப்பாரே."

"நல்ல தூக்கம்மா. அசையவே இல்ல."

அவளுக்குப் பின்னால் ரத்தக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது.

"வேர்த்திருக்கப் போகுது. ஃபேன் ஓடுதா பாருங்க."

"ம்."

"'ம்' வேணாங்க. பாத்துச் சொல்லுங்க."

அவர் பார்த்தார். உண்மையாகவே பார்த்தார். "இருக்கு. மூணு இறக்கையும் பளிச்சுன்னு தெரியுது."

"இறக்கை தெரியுதா?"

"நல்லாவே. ஒண்ணுல ஒட்டடைகூடத் தெரியுது. ஞாயித்துக்கிழமை துடைக்கணும்."

"ஓடுற ஃபேன்ல எப்படிங்க இறக்கை தெரியும்?"

"அப்ப ஓடல. கரண்ட் போயிருக்கும்."

"கரண்ட் போனா கேமரா எப்படிங்க ஓடும்?"

அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கும். இந்தத் தடவை விரல்தான் தானாகப் போய், மேல்மூலையில் புன்னகைத்துக்கொண்டிருந்த தன் வட்ட முகத்தைப் பிடித்து ஓரமாக இழுத்தது. அடியில் எண்கள் இருந்தன.

11:21:07.

07 என்பது 08 ஆகும் என்று காத்திருந்தார். ஆகவில்லை. டேப்லெட்டின் சொந்தக் கடிகாரம் 12:09 என்றது.

"நேரம் என்ன காட்டுது?" என்றாள் அவள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. குரலில் கோபம்கூட இல்லை.

"பதினொண்ணு இருபத்தொண்ணு."

"தூங்கினது அப்பா இல்லங்க."

"நான் போறேன். இதோ போறேன்."

"சாவி. ஆணியில மாட்டியிருக்கு. சாவியை எடுத்துக்கிட்டுப் போங்க. கேக்குதா?"

"ம்."

திரையின் இடது பக்கம் சந்தேகம் கேட்டவர் எப்போதோ பேச்சை நிறுத்தியிருந்தார். அறுபத்திரண்டு முகங்களும் இவரையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒருவருடைய கட்டைவிரல்கூட எழும்பவில்லை.

முழுக்கைச் சட்டையும் கழுத்துப்பட்டையும் அரைக்கால் சட்டையுமாக ஒருவர் நடுப்பகலில் ஓடினால் தெரு பார்க்கத்தான் செய்யும். டயர்க் கடையில் காற்றடித்துக்கொண்டிருந்தவர் குழாயைப் பிடித்தபடியே திரும்பினார். பள்ளம் தோண்டியிருந்த நடைபாதையில் ஒரு பலகை போட்டிருந்தார்கள். அதன்மேல் ஏறும்போது கால் வழுக்கியது. விழாமல் சமாளிக்க இரண்டு கைகளையும் விரித்தபோதுதான், கையில் எதைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறோம் என்று பார்த்தார்.

டேப்லெட்.

இன்னொரு கையில் எதுவும் இல்லை. சாவி ஆணியில் இருந்தது. கைபேசி மேஜைமேல் இருந்தது.

திரும்புவதா என்று யோசிக்க நின்றார். பாதிக்கு மேல் வந்தாயிற்று. கதவு ஒருவேளை தாழிடாமல் இருக்கலாம். இப்படி ஒரு 'ஒருவேளை'யை நம்பி மிச்ச தூரத்தையும் ஓடினார்.

கதவு பூட்டியிருந்தது. வேறெப்படி இருக்கும்? அந்தப் பூட்டை மாட்டியவர் மாமனார். நாற்பது வருடம் லிஃப்ட் கதவுகளோடு வாழ்ந்தவர், தன் வீட்டுக் கதவுக்கு அரைகுறையாகப் பூட்டு மாட்டுவாரா? தோளால் மோதினார். தோள்தான் வலித்தது. ஜன்னலுக்குக் கம்பி, கம்பிக்கு உள்ளே மூடிய கண்ணாடி, கண்ணாடிக்கு உள்ளே திரை.

"மாமா," என்று கூப்பிட்டார். "மாமா."

அப்போது கையிலிருந்த டேப்லெட் ஒரு சின்ன மணி அடித்தது. மாமனார் வீட்டு வைஃபை அதற்கு ஏற்கெனவே பழக்கம். வாசலுக்கு வந்ததும் தானாக ஒட்டிக்கொண்டது. திரை விழித்தது. முதலில் வந்தது வகுப்பு.

"வந்துட்டார்," என்றது யாரோ ஒருவரின் குரல். அறுபத்திரண்டு முகங்கள், அவற்றின் மூலையில் வியர்த்து வழியும் அவருடைய முகம். "சார், எல்லாம் சரியா?" என்றார் வட்டார மேலாளர். அவருக்கு வேறு சொற்களும் தெரியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வலது பக்கம் ஒரு வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றியது. சுற்றியது. ஒன்று இருக்கும்வரை இன்னொன்று வராது. கடைக்காரர் சொன்னது இதைத்தான்.

அஷ்டாவதானி தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை மூடினார். அதுவும் சுலபத்தில் நடக்கவில்லை. 'உண்மையிலேயே வெளியேற விரும்புகிறீர்களா?' என்று டேப்லெட் கேட்டது. விரல் வியர்வையில் வழுக்கியது. மறுபடி கேட்டது. சட்டையில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி தொட்டார். முகங்கள் போயின.

மாமனாரின் அறை திரை முழுவதும் விரிந்தது.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இறக்கைகள் தெரியவில்லை. மேல்மூலையில் நேரமும் ஓடியது. 12:16:40, 41, 42. கட்டில் காலியாக இருந்தது. போர்வை பாதி கட்டிலிலும் பாதி தரையிலுமாகத் தொங்கியது. படத்தின் அடி விளிம்பில், கட்டிலுக்கு இந்தப் பக்கம், தரையிலிருந்து ஒரு கை மேலே நின்றது.

இடது கை. முழங்கையைக் கட்டில் காலில் முட்டுக்கொடுத்துத் தூக்கிய கை. அது ஆடியது. மெல்ல இறங்கியது. மறுபடி ஏறியது. கேமராவை நோக்கி.

அவருக்கும் அந்தக் கைக்கும் நடுவே ஒரு கதவுதான் இருந்தது. இத்தனை நேரம் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர் இப்போது உண்மையாகவே பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பதைத் தவிர அவரால் முடிந்தது எதுவும் இல்லை.

பேசும் பொத்தானை அழுத்தினார். 'சொல்லுங்க மாமா' என்றுதான் வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொல்ல நாக்கு கூசியது.

"மாமா," என்றார். "ஆள் வந்துட்டிருக்கு."

குரல் உள்ளே கேமராவிலிருந்தும், வெளியே அவர் வாயிலிருந்தும், கதவின் இரண்டு பக்கமும் கேட்டது. கை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு இறங்கித் தரையில் படிந்தது. நாற்பது வருடம் அந்த வாக்கியத்தைச் சொன்னவருக்கு அதன் மதிப்பு தெரியும். அதைப் பாதி நேரம் கிளம்பாமலே, உட்கார்ந்த இடத்திலிருந்துதான் சொல்வார்கள் என்பதும் தெரியும்.

பத்து நிமிடம் கழித்துப் பரிசோதனை நிலையத்தின் வண்டியிலிருந்து மனைவி இறங்கினாள். கையுறையைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. கணவரைப் பார்த்தாள். கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தாள். கழுத்துப்பட்டையைப் பார்த்தாள். சாவி எங்கே என்று கேட்கவில்லை. தன் பையிலிருந்த சாவியை எடுத்துத் திறந்தாள்.

"அப்பா."

மாமனாரின் உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர் ஜாடி உருண்டு கிடந்தது. சிந்திய தண்ணீர் தரையில் காய்ந்து, ஓரத்தில் மட்டும் ஒரு கோடாக மிஞ்சியிருந்தது. இடுப்பைத் தொட்டதும் அவர் முகம் சுருங்கியது.

"தூக்காதீங்க," என்றாள் கணவரிடம். "வர்ற வழியிலயே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். அவங்க தூக்கட்டும்."

ஆம்புலன்ஸில் வந்த பெண்மணி மண்டியிட்டு, கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, இடுப்பைத் தொடாமல் தொட்டு, மடியில் வைத்திருந்த அட்டையில் எழுதிக்கொண்டே வந்தார்.

"எத்தனை மணிக்கு விழுந்தார்?"

மனைவி கணவர் பக்கம் திரும்பினாள்.

"தோராயமாச் சொன்னாலும் போதும். எவ்வளவு நேரம் தரையில கிடந்தார்னு டாக்டர் முதல்ல அதைத்தான் கேப்பார். தலையில வேற அடிபட்டிருக்கு. பக்கத்துல யார் இருந்தா?"

"யாரும் இல்ல," என்றாள் மனைவி. "இவர் பாத்துட்டிருந்தார்."

பெண்மணி பேனாவோடு அவரை நிமிர்ந்து பார்த்தார். அவர் டேப்லெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"தெரியாது," என்றார்.

அட்டையில் அந்தக் கட்டம் காலியாக விடப்பட்டது.

படுக்கையில் ஏற்றி வாசலைத் தாண்டும்போது மாமனார் இடது கையை லேசாக அசைத்தார். தூக்கியவர்கள் நின்றார்கள். அவர் மகளைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கேமராவைப் பார்த்தார். பிறகு மருமகனை. கேள்வி கேட்கிறவர் முகம் இல்லை அது. சொன்னபடி நடந்துகொண்டவர் முகம்.

"பச்சை," என்றார். சொல் பாதியில் சிக்கியது. விடாமல் இழுத்தார். "பச்சை எரிஞ்சுது... மாப்ள."

அதற்கு இரண்டே பதில்கள் இருந்தன. ஆமாம், பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாம். பார்த்துக்கொண்டே வராமல் இருந்தேன் என்று ஆகும். இல்லை, பார்க்கவில்லை என்று சொல்லலாம். அவ்வளவு நேரமும் அந்தக் கை யாரும் இல்லாத ஓர் இடத்தை நோக்கி உயர்ந்தது என்று ஆகும். அஷ்டாவதானி இரண்டையும் ஒரே நேரத்தில் நினைத்துப் பார்த்தார். 'ம்' கூட வரவில்லை.

வாசலில் கதவை அடைத்துக்கொண்டிருந்த ஆம்புலன்ஸிலிருந்து மனைவி இறங்கி மறுபடி உள்ளே வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். கையுறையைக் கழற்றிவிட்டு, கேமராவின் அடியில் நகத்தால் நெம்பினாள். நகம் அளவே இருந்த ஒரு கறுப்புத் துண்டு உள்ளங்கையில் விழுந்தது.

அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. திரை தூங்கினாலும் கேமரா தூங்குவதில்லை. நடப்பதெல்லாம் அதன் மெமரி கார்டில் பதிவாகிக்கொண்டுதான் இருக்கும். அதையும் பயிற்சியின்போது அவர்தான் பெருமையாகச் சொன்னார்.

"எல்லாம் இதுல இருக்கும்," என்றாள். "எப்ப எழுந்தார், எப்ப விழுந்தார், எத்தனை தடவை கையைத் தூக்கினார், எல்லாம்."

"நானும் ஆஸ்பத்திரிக்கு வரேன்."

"வேணாம்."

அவளுடைய அப்பாவின் 'வேணாம்' அது. அதே சுருக்கம், அதே முடிவு. இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து இப்படி ஒன்றை அவர் கேட்டதில்லை.

"டாக்டருக்கு நேரம் வேணும். நீங்க பாத்துட்டு, பக்கத்து வீட்டுப் போன்லேர்ந்து கூப்பிட்டுச் சொல்லுங்க." கார்டை அவர் கையில் வைத்து விரல்களை மூடினாள். "பதினொண்ணு இருபத்தொண்ணுலேர்ந்து. தள்ளித் தள்ளிப் பாக்காதீங்க. முழுசாப் பாருங்க. வேற எதையும் திறக்காம."

வண்டி புறப்பட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

அறையில் அவர் மட்டும் இருந்தார். காலிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் பள்ளமாக இருந்தது. கழுத்துப்பட்டை நெரித்தது. தளர்த்தத் தோன்றவில்லை. சுவரில் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

டேப்லெட்டின் பக்கவாட்டில் பொந்தைத் தேடிக் கார்டைச் செருகினார். புதியதாக இருந்தால் அதற்கும் வழியில்லை. டேப்லெட் நெடுநேரம் யோசித்தது. பிறகு திறந்தது. அவள் சொன்ன நேரத்துக்குப் படத்தை இழுத்து நிறுத்தினார்.

கட்டில். ஒருக்களித்துப் படுத்திருக்கும் மாமனார். போர்வை நெஞ்சு வரைக்கும். மேலே மூன்று இறக்கைகள், ஒன்றில் ஒட்டடை. காலை முழுவதும் பார்த்த அதே படம். மேல்மூலையில் 11:21:07. ஓட்டு என்ற முக்கோணம் நடுவில் மின்னிக்கொண்டிருந்தது.

அதைத் தொட்டார்.

07 என்பது 08 ஆயிற்று. மின்விசிறியின் இறக்கைகள் மறைந்தன. மாமனார் கண் விழித்தார்.